குழை இருந்த இடம்

1

இந்தச் சுவிஸ் நாட்டில் என் வீட்டு முகட்டை மேலேயிருந்து இரண்டு தடவை தட்டியிருக்கிறார்கள். முதல் தடவை, மகள் ஆரணியின் துடக்குக் கழிவு அன்று. சொந்தக்காரர்கள் நாலைந்து குடும்பமாக வந்து, பிள்ளைக்குப் பெயர் வைத்து, பலகாரம் சாப்பிட்டு, கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டோம். மேல்வீட்டு அம்மா வீடு கூட்டும் தும்புத்தடியால் தன் வீட்டு நிலத்தில் குத்தினார். வந்திருந்தவர்கள் வாயில் போட்ட பலகாரத்தைக்கூட மெல்லாமல் அடங்கிப்போனார்கள். நான் படியேறிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது தடவை நேற்றுப் பின்னேரம். இந்த முறை நான் படியேறவில்லை. ஏன் ஏறவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு உங்களை முதலில் ஒரு பைன் காட்டுக்குள் கூட்டிப்போக வேண்டும்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் நினைப்பதுபோல இங்கே எங்களை யாரும் அதட்டுவதில்லை. எல்லாம் பதமாகத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக்கூடாது, தூசு உறிஞ்சும் மெஷின் போடக்கூடாது, வெறும் போத்தலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடக்கூடாது. நான் வேலை செய்யும் டீட்டிகோன் நகரச் சாமான் கிடங்கில், பெட்டி தூக்கும் வண்டிகூட மின்சாரத்தில் ஓசைப்படாமல் ஓடும். நாங்களும் அப்படியே ஓடப் பழகிவிட்டோம்.

என்னை முதன்முதலில் சத்தம் குறைக்கச் சொன்னது அகதி விசாரணையில். ஊரில் அண்ணனைப் பிடித்துக்கொண்டுபோன விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர், "கொஞ்சம் மெல்லமாய்ச் சொல்லட்டாம்" என்றார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அடுத்த அறையிலும் ஒருவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். நான் குரலைத் தாழ்த்தினேன். அதற்குப் பிறகு அதை உயர்த்த ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை.

இல்லை, ஒருமுறை வந்தது. வன்னியில் கடைசிச் சண்டை நடந்த நாட்களில் ஜெனீவாவில், ஐ.நா. முன்றலில் கத்தினேன். ஆரணி சின்னப்பிள்ளை, என் தோளில் இருந்தாள். எல்லாரோடும் சேர்ந்து பொழுதுபடும்வரை கத்தினேன். திரும்பி வரும் ரயிலில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட எனக்குக் குரல் இருக்கவில்லை. கத்தி என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அதோடு கத்துவதை விட்டேன்.

ஆரணி வாய் திறந்து சொன்ன முதல் சொற்களில் ஒன்று "மெல்ல". அம்மா என்றும் அப்பா என்றும் சொல்லிப் பழகிய கையோடு, ஓடும்போது தனக்குத்தானே "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு ஓடுவாள். அப்போது நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்தோம்.

2

அந்த ஆரணி இந்தக் கோடையில், சுற்றுச்சூழல் படிக்க ஜெனீவாவுக்குப் போவது என்று முடிவானது. அங்கே பிரெஞ்சு. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த அளவுதான் அது தெரியும், எங்களுக்கு அறவே ஓடாது. போவதற்கு முன் என்னோடு ஒருதரம் காட்டுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்றாள். தெற்கே, வாலிஸ் மாகாணத்தில், ஒரு மலைச்சரிவுப் பைன் காடு. கடை இல்லை, கழிப்பறை இல்லை, கரண்ட் இல்லை. அதற்காகத்தான் அங்கே போவதாம்.

என் மனைவி மலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சனி ஞாயிறில் அவளுக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே அவள் வரவில்லை. வராதவள் சும்மா இருந்தாளா? "காட்டுக்குள்ள தறப்பாளுக்குக் கீழ படுத்தெழும்பினது உங்களுக்குக் காணாதாமோ?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாருமாக இடம்பெயர்ந்த காலத்தில் நாங்கள் இருவரும் வன்னிக் காட்டோரத்தில் வேறு வேறு தறப்பாள் கூரைக்குக் கீழே படுத்தவர்கள். அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது. காசு கொடுத்துக் கூடாரம் வாங்கிக்கொண்டு மறுபடியும் நிலத்தில் படுக்கப் போகும் மனிதனைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

நான் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. கொஞ்சக் காலமாக ஆரணி எங்களோடு கதைப்பது குறைந்திருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஜெர்மனில் ஒரு சொல் அனுப்புவாள். சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்டால் பெருவிரல் படம் ஒன்று வரும். வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால், ஜெனீவாவுக்குப் போன பிறகு இவள் எங்களைத் திரும்பிப் பார்ப்பாளா? அதை அவளிடம் நேரே கேட்க வேண்டும் என்றுதான் போனேன். காட்டில் வைத்துக் கேட்டால் கதவை மூடிக்கொண்டு போக முடியாது அல்லவா.

3

ரயில், பிறகு மஞ்சள் தபால் பஸ், பிறகு நடை. பாதையில் வந்த ஒரு சுவிஸ் அம்மா, எங்கே போகிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டார். இரவு தங்கப் போகிறோம் என்று சொல்ல நினைத்து, நாங்கள் இந்தக் காட்டில்தான் குடியிருக்கிறோம் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அவர் என் முதுகுப்பையை மேலும் கீழும் பார்த்து, நல்லது என்றார். ஆரணி இருநூறு மீற்றர் தள்ளிப் போனபிறகுதான் சிரித்தாள்.

ஆரணி ஊர்ச்சபையிடம் முன்கூட்டியே அனுமதி எடுத்திருந்தாள். சின்னக் கூடாரம், ஒரே ஓர் இரவு. ஒரு கூடாரம் மற்றக் கூடாரத்தின் கண்ணில் படக்கூடாது. நெருப்பு அறவே கூடாது. குழி வெட்டக்கூடாது, கிளை முறிக்கக்கூடாது, வந்துபோன அடையாளமே இருக்கக்கூடாது. கேட்கக் கேட்க எனக்குப் பழக்கப்பட்ட இடம்போல இருந்தது. டீட்டிகோனில் எங்கள் வாடகை வீட்டுச் சட்டமும் இதுதான்.

எங்கள் ஆட்கள் கூட்டமாகத்தான் காட்டுக்குப் போவார்கள். பத்துக் குடும்பம், ஆட்டிறைச்சிக் கறி, மடக்குக் கதிரை, பாட்டு. இப்படி ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப் படுப்பது எங்களுக்குத் தெரியாத வேலை. மலர் ரொட்டியும் இடிச்ச சம்பலும் தட்டைவடையும் கட்டித் தந்திருந்தாள். நரி மணம் பிடிக்கும் என்று ஆரணி எல்லாவற்றையும் மூடி இறுகிய டப்பாவுக்குள் மாற்றினாள். பிறகு இரண்டு பேருடைய போனையும் அணைத்துத் தன் பைக்குள் வைத்துவிட்டாள். இரண்டு நாளைக்குப் போன் இல்லை என்பது அவளுடைய சட்டம்.

காடு என் மனதுக்குப் பிடிக்கவில்லை. அதை ஒளிக்க விரும்பவில்லை. மாதக்கணக்காக மழை இல்லாமல் பல மரங்களின் உச்சி செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. காற்று வரும்போது யாழ்ப்பாணத்து மணற்காட்டுச் சவுக்கந்தோப்பில் கேட்கும் அதே இரைச்சல். காற்று நின்றால் மரங்கள் தாமாகவே டிக் டிக் என்று வெடித்தன. தூரத்தில் எங்கோ மலைச்சரிவில் கல் உருளும் ஓசை வரும், பிறகு நிற்கும். ஒவ்வொரு முறையும் நான் திரும்பிப் பார்த்தேன். ஆரணி பார்க்கவில்லை.

அந்தச் சரிவில், ஊர்க்காரர்கள் பழைய காலத்தில் வயலுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய வாய்க்கால் ஒன்று குறுக்கே ஓடுகிறது. திருத்த வேலைக்காக அதை மூடியிருந்தார்கள். காய்ந்த வாய்க்காலின் கரைதான் பாதை. ஓர் இடத்தில் அதை விட்டு மேலே ஏறினால், மரங்களுக்குள் எங்கள் இடம். அந்தத் திருப்பத்தில் கல் இல்லை, பலகை இல்லை, ஒன்றும் இல்லை. அங்கேதான் நான் ஒரு குழை முறித்து மரத்தில் தொங்கவிட்டேன்.

வன்னியில் காட்டுக்குள் இறங்குகிறவர்கள் செய்வது அது. விறகுக்குப் போனாலும் தேனுக்குப் போனாலும், காடு தொடங்கும் இடத்தில் ஓர் இலைக்கொத்தை முறித்து மரத்தில் தொங்கவிட்டு, ஐயனாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் கால் வைப்பார்கள். காட்டின் காவல்காரன் அவர். வழி தவறாமல், விலங்கு தீண்டாமல் திருப்பி அனுப்புவார். உள்ளே போனபிறகு ஆளை ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. கேட்கக்கூடாததுக்குப் பெயர் தெரிந்துவிடும் என்பார்கள். கூக்காட்டுவதுதான் வழக்கம். ஒருவர் கூ என்று நீளமாக எடுப்பார். மற்றவர் கூ என்று பதில் கொடுப்பார். விறகு வெட்டப் போன நாட்களில் நானும் குழை கட்டினேன், கூவும் கொடுத்தேன். நம்பினேனா என்று கேட்டால் அரைவாசி என்பேன். கை தானாகச் செய்கிறது. அன்றைக்கும் அப்படித்தான் செய்தது.

ஆரணி திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. "அப்பா, உயிரோட இருக்கிற மரம். என்னத்துக்கு முறிச்சனீங்கள்?" என்றாள். ஐயனாரைப் பற்றிச் சொன்னேன். திருப்பத்துக்கு அடையாளமும் ஆச்சு என்றேன். அடையாளம் வைக்காமல் போவதற்காகத்தானே வந்தோம் என்றாள். விடியப் போகும்போது எடுத்துவிடுகிறேன் என்றேன். நான் முன்னால் ஏறினேன். அவள் பின்னால் வந்தாள்.

4

கூடாரம் அடித்து முடிய வெயில் எதிர்மலைக்குப் போய்விட்டது. குடிக்கத் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. வாய்க்கால் கரையோடு போனால் ஒரு பழைய வைக்கோல் குடில், அதன் பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் மரத்தொட்டி. வரும்போதே பார்த்திருந்தோம். தான் போகிறேன் என்றாள். நான் விடவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை எப்படித் தொடங்குவது என்று யோசிக்க எனக்கு ஒரு நடை தேவைப்பட்டது. இரண்டு போத்தலையும் எடுத்துக்கொண்டு, போயிட்டு வாறன் என்று இறங்கினேன்.

போவது சுகமாக இருந்தது. தொட்டியில் முகம் கழுவினேன். போத்தல்களை நிரப்பினேன். கேள்வியைக்கூட ஒருவாறு கோத்துவிட்டேன். திரும்பும்போது கண்ணை மேல்பக்க மரங்களில் வைத்துக்கொண்டு நடந்தேன். குழை வரும், வரும் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். வரவில்லை.

கொஞ்ச நேரம் போனபிறகு வாய்க்கால் ஒரு பாறையைச் சுற்றியது. அந்தப் பாறையை நான் முன்பு பார்த்த ஞாபகம் இல்லை. அதற்கு அப்பால் கரை இடிந்து போயிருந்தது. கீழே மரமே இல்லாத, கல்லும் மண்ணுமான பள்ளம். பகலில் கேட்ட கல் உருளும் ஓசை அங்கிருந்துதான் வந்தது என்று அப்போது தெரிந்தது. திரும்பினேன். எங்கேயோ தவற விட்டுவிட்டேன் என்று என்னையே ஏசிக்கொண்டு, ஒவ்வொரு மரமாகப் பார்த்து வந்தேன். எல்லா மரமும் ஒரே மரமாக இருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

ஓர் இடம் எங்கள் திருப்பம் போலத் தெரிந்தது. ஏறினேன். ஏற ஏறச் சரிவு செங்குத்தாகியது. இந்தளவு செங்குத்து இல்லையே என்று நினைக்கும்போதே கால் வழுக்கியது. காய்ந்த பைன் ஊசிகள் எண்ணெய் பூசிய தகரம்போலக் காலை இழுத்தன. விழுந்து, சறுக்கி, ஒரு வேரைப் பிடித்து நின்றேன். ஒரு போத்தல் கையை விட்டுப் போனது. அது மரங்களில் மோதி மோதி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அதன் பிறகு, எங்கோ ஆழத்தில், ஒரு சின்ன 'டொக்'.

கீழே அந்தப் பள்ளம் இருந்தது. நான் அதற்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்று ஆனால் அது என்னோடு போகும். ஆனால் என்னைத் தேடிக்கொண்டு இந்த இருளில் பிள்ளை இறங்குவாளே, இதே ஊசியில் கால் வைப்பாளே என்று நினைத்தபோது எனக்கு வந்த பயத்தை, சண்டைக் காலத்தில்கூட நான் பட்டதில்லை. அவள் இறங்குவதற்கு முன் நான் இருக்கும் இடம் அவளுக்குத் தெரிய வேண்டும். சத்தம் போட வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது.

5

வாயைத் திறந்தேன். வந்த சொல்லைச் சொன்னால் சிரிப்பீர்கள். "எக்ஸ்கியூசி" என்றேன். இங்கே டிராமில் இறங்க வழி கேட்கும்போதும், கடையில் ஒருவரை உரசிவிட்டாலும் சொல்லும் 'மன்னிக்கவும்' அது. மலைச்சரிவில் வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, காட்டிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதுவும் பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

பிறகு ஹலோ என்றேன். அதுவும் தொலைபேசிக் குரல்தான். இன்னும் பலமாகச் சொல்லப் பார்த்தேன். கத்துவதற்கு ஒரு தசை வேண்டும் போலிருக்கிறது, அது எனக்கு வற்றிப்போயிருந்தது. ஆரணி என்று கூப்பிட வாய் எடுத்து நிறுத்தினேன். ஐயனாரை அரைவாசி நம்புகிறவன் அந்த நேரத்தில் முழுவதாக நம்பினான். அவள் பெயரை இந்தக் காட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் கூ வந்தது. நான் யோசித்து எடுத்ததில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, பாதியில் உடைந்து, இருமலாக முடிந்தது. மூச்சை இழுத்து இன்னொருதரம் எடுத்தேன். அது நீளமாகப் போனது. எதிர்மலையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. இது என் குரல்தானா என்று ஒரு கணம் திகைத்தேன். பதில் இல்லை. மூன்றாந்தரம் தொண்டை கிழியக் கூவினேன்.

பதில் வந்தது. நான் எதிர்பார்த்த பக்கமே இல்லை. இடது கைப்பக்கம், வெகு தூரத்தில், மெல்லிய குரலில் ஒரு கூ. அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுத்தாள். நான் மறுபடி கூவினேன். அவள் மறுபடி. அதோடு கீழே, எதிர்ச்சரிவுப் பக்கம், ஓர் ஆண்குரல் துள்ளித் துள்ளி மேலே போகும் ஒரு கூவலைக் கொடுத்தது. ஒரு சின்ன விளக்கும் அங்கே ஆடியது. அந்தக் காட்டில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

வேர் வேராகப் பிடித்து, உட்கார்ந்தபடியே, குரல் வந்த பக்கம் ஊர்ந்தேன். வாய்க்கால் கரை காலில் தட்டுப்பட்டபோது அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தேன். கூவிக் கூவி நடந்தேன். அவளுடைய கூ ஓர் இடத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. கிட்ட வரவும் இல்லை, விலகவும் இல்லை. ஏன் இவள் என்னை நோக்கி வராமல் நிற்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"நான் அசையமாட்டன் அப்பா," என்ற குரல் கேட்டது. "நீங்கள் வாங்கோ."

6

தலையில் கட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு மரத்தில் முதுகை வைத்து நின்றாள். நான் கிட்டப் போனதும் என் கையைப் பிடித்தாள். தன் ஜாக்கெட் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டினாள். நான் முறித்த குழை.

"நான்தான் கழட்டினனான். நீங்கள் முன்னால ஏறேக்க," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. மெய்யாகவே வந்தது. இந்த இலைக்கொத்துக்காக என் உயிர் போகப் பார்த்ததே என்று வந்தது. ஆனால் என் குரல் அத்தனையும் காட்டில் செலவாகிவிட்டிருந்தது. ஏச என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அவள் மிச்சத்தையும் சொன்னாள்.

நான் வரப் பிந்தியதும் இறங்கி இந்தத் திருப்பத்துக்கு வந்திருக்கிறாள். வந்து நின்ற பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்திருக்கிறது. போனில் அவசர எண்ணுக்கு அடிக்கப் பார்த்தால் அந்த மரங்களுக்குள் சிக்னல் இல்லை. தேடி ஓடத்தான் முதலில் நினைத்தாளாம். எந்தப் பக்கம் ஓடுவது? இவள் ஒரு பக்கம் போய், நான் மறுபக்கத்தால் வந்தால், இந்த இடத்தை எனக்குக் காட்ட அங்கே ஒன்றும் இருக்காதே.

"அதால, குழை இருந்த இடத்தில நான் நிண்டனான்," என்றாள். "ஓடவேணும் போல இருந்தது. ஆனாலும் நிண்டனான்."

நான் அவள் தலையைத் தடவினேன். விளக்கின் பட்டி கையில் தட்டியது.

கூடாரத்துக்குள் இருந்து மலரின் ரொட்டியைச் சாப்பிட்டோம். மிஞ்சிய ஒரு போத்தல் தண்ணீரை மாறி மாறிக் குடித்தோம். கீழே கூவிய மனிதர் யார் என்று கேட்டேன். வேறு யாரோ கூடாரக்காரர், மலையில் இவர்களும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்றாள். எனக்கு அது புதினமாக இருந்தது. ஆணி அடிக்க விடாத சனம் மலையில் ஏறிக் கூவுகிறதா? இத்தனை வருடம் இருந்தும் இது எனக்குத் தெரியாதே. கூவலாம் என்று தெரிந்திருந்தால் எப்போதோ ஏறியிருப்பேனே.

ஆரணி படுத்தபடி ஜெனீவாவைப் பற்றிச் சொன்னாள். நான் எதிர்பார்த்த ஜெனீவாவைப் பற்றி இல்லை. என் தோளில் இருந்த அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதாம். நான் கத்தியபோது என் கழுத்து நரம்பு அவள் காலில் புடைத்ததும், தான் பயந்து என் தலைமயிரைப் பிடித்ததும் ஞாபகம் இருக்கிறதாம்.

"அதுக்குப் பிறகு நீங்கள் ஒருநாளும் கத்தேல்லை," என்றாள். "உங்களுக்குள்ள அது செத்துப்போச்சு எண்டு நினைச்சனான். இண்டைக்குக் கேட்டவுடன தெரிஞ்சுது, அதே குரல்."

கேட்க வேண்டும் என்று கோத்து வைத்த கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்காமலே படுத்துக்கொண்டேன்.

விடியக் கூடாரத்தைச் சுருட்டினோம். நசிந்த புல்லை அவள் கையால் நிமிர்த்தி விட்டாள். நாங்கள் இருந்த இடம் ஒருவரும் இருந்திராத இடமாயிற்று. வாய்க்கால் திருப்பத்தில் நான் நின்றேன். குழையைத் திரும்பக் கட்டச் சொல்வாளோ என்று ஓர் ஆசை. சொல்லவில்லை. அவள் சட்டம் சட்டம்தான். ஆனால் அதை எறியவும் இல்லை, தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

7

புரட்டாசியில் ஜெனீவாவுக்குப் போனாள். பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நானும் மலரும் ரயிலில் திரும்பினோம். வீடு எப்போதும் இல்லாத அளவுக்கு அமைதியானது. மேல்வீட்டு அம்மாவுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

தொடக்கத்தில் பழையபடி பெருவிரல் படங்கள்தான் வந்தன. சாப்பிட்டாயா என்றால் பெருவிரல். குளிரா என்றால் பெருவிரல். பிறகு அதுவும் பிந்திப் பிந்தி வந்தது. காட்டில் நடந்ததை ஏதோ பெரிதாக நினைத்துவிட்டோம், அந்த ஓர் இரவோடு அது முடிந்துவிட்டது என்று மலரிடம் சொன்னேன். அவள் மாவைக் குழைத்துக்கொண்டிருந்தாள். திரிம்பாக்கில் உள்ள எங்கள் ஆட்களின் கோயிலுக்குப் போனபோது அவள் ஆரணியின் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். நான் பக்கத்தில் நின்று, ஐயனாரே, அங்கே ஒரு குழையாவது கட்டி வையும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நேற்றுப் பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஆரணி. செய்தி இல்லை, அழைப்பு. எடுத்துக் காதில் வைத்தால் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அழுத மூச்சா, ஓடிய மூச்சா என்று பிரிக்க முடியவில்லை. பிள்ளை, பிள்ளை என்றேன்.

கூ என்றாள். மிகவும் மெல்லமாக. மாணவர் விடுதிச் சுவர் மெல்லியது, பக்கத்து அறையில் ஆட்கள் இருப்பார்கள். என் பிள்ளைதானே, மெல்ல என்பதைப் படித்துத்தானே வளர்ந்தாள். இன்னொருதரம் கூ என்றாள். நடுவில் உடைந்தது.

நான் நிமிர்ந்து நின்று, வயிற்றிலிருந்து எடுத்துக் கூவினேன். சமையலறையில் மலரின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்ததோ என்னவோ, எனக்கு அப்படித்தான் இருந்தது. மறுபக்கத்தில் ஆரணி பெரிதாக மூச்சு விட்டாள். வகுப்பில சொல்லுறது பாதி விளங்குதில்லை அப்பா, ஒருத்தரையும் தெரியாது அப்பா, எந்தப் பக்கம் போறது எண்டே தெரியேல்லை அப்பா என்று ஒவ்வொன்றாக வந்தது. தமிழில்தான் வந்தது.

அப்போதுதான் முகட்டில் தட்டினார்கள். அதே தும்புத்தடி, அதே இடம். மலர் மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறீர்களா என்று அவள் கண் கேட்டது.

"என்ன சத்தம் அப்பா அது?" என்றாள் ஆரணி.

"அது ஒண்டுமில்லை, பிள்ளை," என்றேன். "நான் அசையமாட்டன். நீ ஆறுதலா வா."

சொல்லிவிட்டு இன்னொருதரம் கூவினேன்.